வீட்டுச் சுவருக்குள் காவல் துறையின் காது: அனுமதி வழங்கும் சட்டம் எங்கே?

வாளையார்: கோவையில் இருந்து பாலக்காடு செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வாளையாரைக் கடக்கும் பயணி, தான் கண்காணிக்கப்படுவதை அறிந்தே கடக்கிறார். கலால் துறை, மோட்டார் வாகனத் துறை, காவல் துறை என அரசின் பல கண்கள் இந்த எல்லையில் விழித்திருக்கின்றன. கஞ்சா, எம்டிஎம்ஏ, 'குழல்பணம்' எனக் கேரளத்தில் அழைக்கப்படும் கணக்கில் வராத ரொக்கம் ஆகியவற்றைத் தடுக்கவே இந்தச் சோதனைகள் நடைபெறுகின்றன. இடுக்கி மாவட்டத்தின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லைகளிலும் இதே நிலைதான்.

ஆனால், அதே பயணி வீடு திரும்பிக் கதவைத் தாழிட்ட பிறகு, அந்த வீட்டுக்குள் பேசப்படுவதை அவர் அறியாமல் கேட்கும் கருவியைக் காவல் துறை பொருத்தலாமா? பொருத்தலாம் எனில் அதற்கு அனுமதி வழங்குபவர் யார்? எத்தனை நாட்களுக்கு? அந்தப் பதிவு நீதிமன்றத்தில் செல்லுமா?

இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் தனிச் சட்டம் கேரளத்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. சட்டம் இல்லாததால் குடிமக்களுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்றும் கூற இயலாது. முறையற்ற வழியில் திரட்டப்பட்ட சாட்சியத்தையும் இந்திய நீதிமன்றங்கள் பல நேரங்களில் ஏற்றுக்கொண்டுள்ளன. 2025-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அடுத்தடுத்து வழங்கிய இரு தீர்ப்புகள் இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துள்ளன.

சாலைக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி

பொது இடத்தையும் வீட்டையும் சட்டம் ஒன்றாகக் கருதுவதில்லை. எல்லைப் பகுதிகளில் அதிகம் பயன்படுத்தப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே (என்டிபிஎஸ்) இதற்குச் சான்று. அச்சட்டத்தின் 43-ஆவது பிரிவு பொது இடங்களில் சோதனையிட அதிகாரம் அளிக்கிறது. கட்டடங்களுக்கோ 42-ஆவது பிரிவு பொருந்தும். அதன்படி, கிடைத்த தகவலை அதிகாரி எழுத்தில் பதிவு செய்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பிடியாணை இன்றி நுழைவதாக இருந்தால், பிடியாணை பெறக் காத்திருக்க இயலாததற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதே வழியில் செல்கிறது. வீட்டுச் சோதனையின்போது அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் இருக்க வேண்டும். வீட்டில் வசிப்பவர் உடனிருக்க அனுமதிக்கப்பட வேண்டும் என்று அதன் 103-ஆவது பிரிவு கூறுகிறது. சோதனையும் பறிமுதலும் காணொலியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 105-ஆவது பிரிவு. பிடியாணையின்றி நடத்தப்படும் சோதனையின் பதிவுகளை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 185-ஆவது பிரிவு வலியுறுத்துகிறது.

இந்த விதிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. காவல் துறை வீட்டுக்குள் வருவது வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்தால்தான் அவர் எதிர்க்கவும், வழக்கறிஞரை அழைக்கவும், பின்னர் நீதிமன்றத்தை நாடவும் இயலும். ரகசியக் கண்காணிப்பு இந்த அடிப்படையையே நீக்கிவிடுகிறது.

நள்ளிரவில் கதவைத் தட்டலாமா?

கொச்சியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிப்புப் பட்டியலில் இருந்த அவர் வீட்டில் இருக்கிறாரா எனச் சரிபார்க்க, காவலர்கள் நள்ளிரவுக்குப் பிறகு சென்று கதவைத் தட்டினர். அவர் வெளியே வர மறுத்துத் திட்டியதாகவும் மிரட்டியதாகவும் கூறி, கேரள காவல் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவு செய்யப்பட்டது.

அந்த வழக்கை நீதிபதி வி.ஜி. அருண் ரத்து செய்தார். கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் கதவைத் தட்டவோ, வீட்டுக்குள் புகவோ காவல் துறைக்கு அதிகாரம் இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார். கேரள காவல் கையேடு, குற்றப் பின்னணி உடையவர்களை வெளிப்படையாகத் தொந்தரவு செய்யாமல் கவனித்து வரவே அனுமதிக்கிறது. இரவு நேர வீட்டு வருகைக்கு அதில் இடமில்லை என்பதும் தீர்ப்பில் சுட்டிக்காட்டப்பட்டது. சட்டப்படி இல்லாத உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுப்பது, காவலரின் பணியைத் தடுப்பதாகாது என்பதே அதன் சாரம்.

இந்தக் கேள்வி புதிதன்று. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவரின் வழக்கில், 1962 டிசம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இரவு நேர வீட்டு வருகையை அனுமதித்த காவல் விதியை ரத்து செய்தது. ஆனால், வெளியே இருந்தபடி மறைவாகக் கண்காணிப்பது உள்ளிட்ட பிற விதிகளைப் பெரும்பான்மை நீதிபதிகள் அனுமதித்தனர். அந்தரங்க உரிமையை வலியுறுத்திய நீதிபதி சுப்பா ராவின் கருத்து அன்று சிறுபான்மைக் கருத்தாகவே இருந்தது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோதுதான் அவரது கருத்து ஏற்கப்பட்டது.

புட்டசாமி தீர்ப்பு மூன்று அளவுகோல்களை முன்வைத்தது. அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமெனில் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் ஒலிவாங்கி பொருத்தும் விவகாரம் முதல் அளவுகோலிலேயே சிக்கல் காண்கிறது.

தொலைபேசிக்கு விதி உண்டு

ரகசியக் கண்காணிப்பில் இந்தியச் சட்டம் விரிவாகப் பேசும் ஒரே களம் தொலைத்தொடர்பு. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 5(2) பிரிவு, பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு கருதி தகவல்களை இடைமறிக்க அனுமதித்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு நிபந்தனைகளை விதித்தது.

தற்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளும் அந்த நிபந்தனைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின்படி மத்திய உள்துறைச் செயலரோ, மாநில உள்துறைச் செயலரோ ஆணை பிறப்பிக்க வேண்டும். ஆணை 60 நாட்கள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. அவசரச் சூழலில் காவல் உயரதிகாரி ஆணையிட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் அது உறுதி செய்யப்பட வேண்டும். மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலான குழு ஆணைகளை மறுஆய்வு செய்யும்.

இந்தக் கட்டமைப்பில் இரு குறைகள் உள்ளன. ஆணை பிறப்பிப்பதிலும், அதை மறுஆய்வு செய்வதிலும் நீதிபதி எவரும் இல்லை. கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னாளிலும் தகவல் தரப்படுவதில்லை. மறுஆய்வு எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதற்கு, தரவுப் பாதுகாப்பு குறித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த அறிக்கை ஓர் எடுத்துக்காட்டு. இரு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் மத்திய மறுஆய்வுக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியுள்ளது என்று அது சுட்டிக்காட்டியது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் எச்சரிக்கை

இந்தப் பின்னணியில் 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு முக்கியத்துவம் பெறுகிறது. லஞ்ச வழக்கு ஒன்றில், தனியார் நிறுவன நிர்வாகி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையை அவர் ரத்து செய்தார்.

பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக்கான அச்சுறுத்தலோ எவரும் உணரக்கூடியதாக இருக்க வேண்டும்; குற்றத்தைக் கண்டறிவதற்கான மறைமுக நடவடிக்கை அந்த வரையறைக்குள் அடங்காது என்பது தீர்ப்பின் மையக் கருத்து. பதிவுகள் உரிய காலத்தில் மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவில்லை என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. அந்தப் பதிவுகளை எந்த நோக்கத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது என்றும் உத்தரவிடப்பட்டது.

இதற்குச் சில நாட்களுக்கு முன்னர், மற்றொரு ஊழல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் மாறுபட்ட நிலைப்பாட்டை எடுத்தது. ஊழலின் பரவலான தாக்கம் பொதுப் பாதுகாப்பு என்ற வரம்புக்குள் வரக்கூடும் எனக் கூறி, அது ஒட்டுக்கேட்பு ஆணையை ஏற்றது. சட்ட நடைமுறை எழுதப்பட்டுள்ள தொலைபேசி விஷயத்திலேயே இரு உயர் நீதிமன்றங்கள் இருவேறு முடிவுகளுக்கு வர முடிகிறது எனில், நடைமுறையே எழுதப்படாத வீட்டுக் கண்காணிப்பில் எத்தகைய குழப்பம் நேரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

சுவருக்குள் வைக்கும் கருவி

தொலைத்தொடர்புச் சட்டம், அலைவரிசையிலோ கம்பியிலோ கடந்து செல்லும் தகவல்களுக்கு உரியது. கூடத்தில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசுவது தொலைத்தொடர்பு அன்று. எனவே, அந்தப் பேச்சை மறைவான ஒலிவாங்கி மூலம் பதிவு செய்ய உள்துறைச் செயலரின் ஒட்டுக்கேட்பு ஆணையைக் காட்ட இயலாது.

நேர்ப்பேச்சை ரகசியமாகக் கேட்பதற்கு இந்தியாவில் சட்டமே இயற்றப்படவில்லை என்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர திட்டமிட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் (மோக்கா), தொலைபேசி உரையாடலுடன் வாய்மொழிப் பேச்சையும் இடைமறிக்க வழிவகுக்கிறது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விண்ணப்பிக்க வேண்டும். உள்துறைச் செயலர் நிலையிலான அதிகாரி ஆணையிட வேண்டும். ஆணைக்குக் காலவரம்பும் மறுஆய்வும் உண்டு. அனுமதியின்றி ஒட்டுக்கேட்பது தண்டனைக்குரியது. இப்பிரிவுகளை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதிலும், உச்ச நீதிமன்றம் 2008-இல் அவை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

மத்திய அரசின் 2002-ஆம் ஆண்டு பொடா சட்டத்திலும் வாய்மொழிப் பேச்சை இடைமறிக்கும் பிரிவுகள் இருந்தன. 2004-இல் பொடா திரும்பப் பெறப்பட்டபோது அவையும் மறைந்தன.

கேரளத்தின் 2007-ஆம் ஆண்டு சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் (காப்பா), பேச்சுவழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுப்புக் காவலை மையமாகக் கொண்டவை. ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்க வழி செய்யும் இந்தச் சட்டங்கள், அவரது வீட்டில் ஒலிவாங்கி வைப்பதற்கான விண்ணப்பம், ஆணை, காலவரம்பு, மறுஆய்வு ஆகியவை குறித்துப் பேசவில்லை.

கைப்பேசி என்னும் புதிய சிக்கல்

இன்று சுவரைத் துளைக்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒலிவாங்கியும் கேமராவும் கொண்ட கைப்பேசிகள் உள்ளன. உளவு மென்பொருள் ஒன்று கைப்பேசியில் நுழைந்தால், அது அறைக்குள் வைக்கப்பட்ட ஒலிவாங்கியாகவே மாறிவிடும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, கணினி வழியாகச் செல்லும் அல்லது அதில் சேமிக்கப்பட்டுள்ள தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால், கைப்பேசியின் ஒலிவாங்கியைத் தொலைவில் இருந்து இயக்கி, அறையில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்வதும் அந்த அதிகாரத்தில் அடங்குமா என்பதை அச்சட்டம் தெளிவாகக் கூறவில்லை.

பெகாசஸ் விவகாரத்தில் 2021 அக்டோபர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. ஆய்வு செய்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என உறுதியாகவில்லை என்றும், அரசு ஒத்துழைக்கவில்லை எனக் குழு கூறியதாகவும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் நடந்த விசாரணையில், நாடு உளவு மென்பொருள் வைத்திருப்பதில் தவறில்லை; அது யாருக்கு எதிராகப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி என உச்ச நீதிமன்றம் கருத்துக் கூறியது.

சாட்சியச் சட்டத்தின் திறந்த கதவு

சட்டவிரோதமாகப் பதிவு செய்த பேச்சை நீதிமன்றம் நிராகரித்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடமும் உள்ளது. இந்தியச் சட்ட நிலை அத்தகையதன்று. மல்கானி வழக்கு (1973), பூரண் மல் வழக்கு (1974) ஆகியவற்றில், சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால், அது திரட்டப்பட்ட முறை பிழையானது என்பதற்காக மட்டும் தள்ளிவிட வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது.

புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு இந்த நிலை சற்று அசைந்துள்ளது. முறையற்ற ஒட்டுக்கேட்புப் பதிவுகளை அழிக்குமாறு மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. சென்னைத் தீர்ப்பும் அதே திசையில் செல்கிறது. மறுபுறம், கணவன் மனைவிக்கு இடையிலான மணவழக்கில் ரகசியமாகப் பதிவு செய்யப்பட்ட உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என 2025 ஜூலை 14-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தனிநபர் தகராறு, அரசின் கண்காணிப்பு அன்று. எனினும், வீட்டுக்குள் பேசியது வெளியே வராது என்ற எண்ணம் தளர்ந்து வருவதை அது உணர்த்துகிறது.

பிரிட்டனும் ஜெர்மனியும் கற்ற பாடம்

பிரிட்டனில் ஹெராயின் கடத்தல் வழக்கு ஒன்றில், ஷெஃபீல்டு நகர வீடு ஒன்றின் வெளிப்புறத்தில் காவல் துறை ஒட்டுக்கேட்புக் கருவியைப் பொருத்தியது. அன்று அதற்குச் சட்டம் இல்லை. உள்துறையின் 1984-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மட்டுமே இருந்தது. அந்தப் பதிவின் அடிப்படையில் கான் என்பவர் தண்டிக்கப்பட்டார். விசாரணை நியாயமாகவே நடந்தது என்று ஏற்ற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், சட்ட அடிப்படையின்றிக் கருவி பொருத்தியது அந்தரங்க உரிமை மீறல் என 2000 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்குள் பிரிட்டன், 1997-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் மூலம் இதற்கான அனுமதி முறையை உருவாக்கியிருந்தது. இன்று அங்கு வீட்டுக்குள்ளான ரகசியக் கண்காணிப்புக்குக் காவல் உயரதிகாரியின் அனுமதியோடு, நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் தேவை.

ஜெர்மனியில் 1998-இல் அரசமைப்பே திருத்தப்பட்டு, வீட்டுக்குள் ஒலிக் கண்காணிப்பு அனுமதிக்கப்பட்டது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆணையிட வேண்டும் என்பது பொது விதி. 2004 மார்ச் 3-ஆம் தேதி அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் மேலும் ஒரு வரம்பை விதித்தது. பேச்சு குடும்பத்தின் மிக நெருக்கமான விஷயங்களுக்குத் திரும்பினால் பதிவை நிறுத்த வேண்டும். தவறிப் பதிவானால் அழிக்க வேண்டும். அமெரிக்காவிலோ 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிபதியின் ஆணை அவசியம். கண்காணிப்பு முடிந்த பிறகு உரியவருக்கு அறிவிப்பும் செல்ல வேண்டும்.

இரு தரப்பு நியாயங்கள்

காவல் துறையின் தேவையைப் புறந்தள்ள இயலாது. எல்லையில் பிடிபடுபவர் பெரும்பாலும் பொருளைச் சுமந்து வரும் கடைசிக் கண்ணி மட்டுமே. பணம் போட்டவரும் திட்டமிட்டவரும் சோதனைச் சாவடிக்கு வருவதில்லை. மறைகுறியாக்கச் செயலிகளில் அவர்கள் பேசுவதால், வழக்கமான தொலைபேசி ஒட்டுக்கேட்பு பயன் குன்றிவிட்டது.

அதே நேரம், ஒரு வீட்டில் சந்தேகத்துக்கு உரியவர் மட்டும் வசிப்பதில்லை. அவருடைய தாய், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள், வந்து போகும் உறவினர் ஆகியோரின் பேச்சும் அந்தக் கருவியில் பதிவாகும். எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆளாகாத அவர்களுக்கு, தாங்கள் கேட்கப்பட்டோம் என்பதே ஒருநாளும் தெரியவராது.

எல்லைப் பகுதி மக்களுக்கு இது கூடுதல் கவலை. வாளையாரிலும் குமுளியிலும் ஒரே குடும்பத்தின் உறவுகள் இரு மாநிலங்களிலும் பரவியுள்ளன. கேரளத்தில் ஓர் ஆணை, தமிழ்நாட்டில் வேறோர் ஆணை என இரு அரசுகளின் கண்காணிப்பு வளையத்திலும் அவர்கள் வரக்கூடும். எந்த அரசு, எந்த அதிகாரத்தின்கீழ் கேட்டது என்று முறையிடவும் அவர்களுக்கு ஒரு வழி வேண்டும்.

அடுத்து என்ன?

சட்டம் அளிக்காத அதிகாரத்தை விளக்கத்தின் மூலம் உருவாக்க இயலாது என்பதையே இரு உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உணர்த்துகின்றன. வீட்டுக்குள் ரகசியக் கண்காணிப்பு கூடவே கூடாது எனில், அதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்து, மீறித் திரட்டிய பதிவுகளைச் சாட்சியத்தில் இருந்து விலக்க வேண்டும். மிகக் கொடிய குற்றங்களில் மட்டும் அது தேவை எனச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கருதினால், நீதிபதியின் முன் அனுமதி, குறுகிய காலவரம்பு, குடும்பத்தாரின் பேச்சுக்குப் பாதுகாப்பு, பின்னர் உரியவருக்கு அறிவிப்பு ஆகியவற்றை எழுத்தில் வகுக்க வேண்டும்.

இரண்டும் செய்யப்படாத வரை முடிவு, அந்தந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரியின் மனசாட்சியையும், பல ஆண்டுகள் கழித்து அதை விசாரிக்கும் நீதிபதியின் பார்வையையும் பொறுத்தே அமையும். சென்னை வழக்கில் 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை ரத்தாவதற்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின என்பது குறிப்பிடத்தக்கது.